ஈரற்பாசிக்கு எந்தக் குடும்பம்? உருவச் சான்றும் பரம்பரையலகுச் சான்றும்

தொல்காப்பியத்தின் மரபியலைப் படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் வகுப்பு ஒரே இடத்தில் நின்றுவிடும். வைரம் வெளிப்புறத்தில் இருந்தால் அது புல், உள்ளே இருந்தால் மரம் என்று அந்த நூல் பிரிக்கிறது. அப்படிப் பார்த்தால் தென்னை, பனை, கமுகு எல்லாம் புல்தான். பிள்ளைகள் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "தென்னை மரம் எண்டுதானே சேர் நாம சொல்றம்" என்பார்கள். ஆனால் இன்றைய தாவரவியலிடம் போய்க் கேட்டால் அது தொல்காப்பியரின் பக்கம்தான் பேசும். தென்னையும் நெல்லும் மூங்கிலும் ஒருவித்திலைத் தாவரங்கள். மாவும் பலாவும் வேறு கிளை. கண்ணால் பார்த்து, தண்டை வெட்டிப் பார்த்துச் செய்த பிரிப்பைப் பரம்பரையலகுச் சான்றும் ஏறக்குறைய அப்படியே ஏற்றுக்கொள்கிறது.

எல்லா இடத்திலும் உருவம் இப்படி நேர்மையாகப் பேசுவதில்லை. அது பேசாமல் ஏமாற்றிய ஓர் இடத்தைப் பற்றியே இந்தக் கட்டுரை. இலையுள்ள ஈரற்பாசி என்ற சின்னஞ்சிறு தாவரக் கூட்டம்தான் அந்த இடம். தமிழ் படிப்பிக்கும் ஒருவனுக்கு இதிலே என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். எங்கள் பாடசாலையின் உயிரியல் ஆசிரியர் தன் பாடக் குறிப்பின் மொழியைச் சரிபார்த்துத் தரச் சொன்னார். சொற்களைப் பார்க்கப் போய்ப் பொருளில் மாட்டிக்கொண்டேன். பார்க்கப் பார்க்க, இது நாங்கள் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்கின்ற அதே வேலை என்று பட்டது. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். மழைக்காலத்தில் கிணற்றுக் கட்டிலும், பழைய மதிலிலும், ஹவுழுக்கரையிலும் பச்சைப்பசேலென்று படர்வதையெல்லாம் பாசி என்றே சொல்லிவிடுகிறோம். அதற்குள்ளே பல வேறு கூட்டங்கள் உண்டு. அவற்றில் ஒன்று ஈரற்பாசி. சிலவற்றின் தட்டையான உடல் ஈரலின் மடல்களைப் போலிருக்கும்; அதனால் ஐரோப்பியர் ஈரலின் பெயரை இட்டார்கள். ஈரல் நோய்க்கு அது மருந்தாகும் என்றும் ஒரு காலத்தில் நம்பினார்கள். உருவத்தைப் பார்த்து ஏமாந்த முதல் கதை அது.

தண்டு, இலை என்று பிரியாத இந்தத் தட்டையான உடலைப் பாடநூல்கள் பிரிவிலி என்கின்றன. ஆனால் ஈரற்பாசிகளில் மிகப் பெரும்பான்மையானவை பிரிவிலி அல்ல. நூல் போன்ற தண்டும் அதில் வரிசையாக இலைகளும் உடையவை. இரண்டு பக்கமும் இரண்டு வரிசை, அடிப்புறத்தில் பெரும்பாலும் சிறிய இலைகளாய் மூன்றாவது வரிசை. இலையின் தடிப்பு பொதுவாக ஒரேயொரு கலம். நடுநரம்பு கிடையாது. ஈரமான காடுகளில் மரப்பட்டையிலும், கல்லிலும், உயிருள்ள இலைகளின் மேலேயும்கூட இவை ஒட்டி வாழும். சிங்கராஜவிலோ நக்கிள்ஸ் மலைகளிலோ ஒரு பழைய இலையைத் திருப்பிப் பாருங்கள், பச்சைச் சரிகை வேலை போல ஏதாவது ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் லெஜூனேசியே என்ற குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கும். ஈரற்பாசிக் குடும்பங்களில் ஆகப்பெரியது அதுதான்.

2016இல் உலகின் ஈரற்பாசிகளுக்கும் அவற்றோடு சேர்த்து எண்ணப்படும் கொம்புப்பாசிகளுக்கும் முதன்முதலாக ஒரு முழுப் பட்டியல் வெளிவந்தது. 92 குடும்பங்கள், 398 சாதிகள், 7486 இனங்கள். இங்கே ஒரு சொல்விளக்கம் தேவை. நமது இலங்கைப் பாடநூல்களில் நெருங்கிய இனங்களின் கூட்டத்தைச் சாதி என்கிறோம். தமிழ்நாட்டில் பேரினம் என்பார்கள். சாதி என்ற சொல் எனக்கு உவப்பானதல்ல. என்றாலும் நம் பிள்ளைகள் சோதனைக்குப் படிப்பது அதைத்தான், ஆகவே அதையே பாவிக்கிறேன்.

இத்தனை ஆயிரத்தையும் எப்படிப் பிரித்தார்கள்? பூ இல்லை, காய் இல்லை. வித்தி உண்டாகும் சின்னப் பையொன்று மெல்லிய காம்பில் எழும்பி, நான்காக வெடித்து, சில நாளில் அழுகிப்போகும். ஆகவே இலைகளையே நம்ப வேண்டியிருந்தது. இலை எந்தப் பக்கமாக ஒன்றன்மேல் ஒன்று படிகிறது, எத்தனை மடலாகப் பிளந்திருக்கிறது, கலத்தின் சுவர் எப்படித் தடித்திருக்கிறது என்பவைதான் அடையாளம். ஈரற்பாசிக் கலங்களுக்குள் எண்ணெய்த் துணிக்கைகள் உண்டு, அவையும் நல்ல அடையாளம். ஆனால் காய்ந்ததும் அவை கெட்டுவிடும். நூறு வருடத்துக்கு முன் காயவைத்த மாதிரியில் அவற்றைத் தேடிப் பயனில்லை. ஜெர்மனியரான பிரான்ஸ் ஸ்தெபானி 1898 முதல் 1925 வரை ஆறு பாகங்களாக வெளிவந்த தன் நூலில் ஆயிரக்கணக்கான புதிய இனங்களுக்குப் பெயர் வைத்தார். பின்வந்தவர்கள் அவற்றில் பெருந்தொகையை ஒரே இனத்தின் வேறுவேறு பெயர்கள் என்று தள்ளவேண்டி வந்தது. ஒரு தாவரம் ஈரத்தில் ஒரு விதமாகவும் வெயிலில் ஒரு விதமாகவும் வளர்ந்தால் இரண்டுக்கும் பெயர் வைத்துவிடுவது எளிது.

இந்த இடத்தில்தான் பரம்பரையலகு வருகிறது. கலத்துக்குள்ளே டீ.என்.ஏ. என்ற நீண்ட இழையில் நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட ஒரு பிரதி இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் அது பிரதி பண்ணப்படுகிறது. பிரதி பண்ணும்போது எங்கேயாவது ஓர் எழுத்து மாறும். மாறிய எழுத்து அடுத்த தலைமுறைக்கும் அப்படியே போகும்.

சுவடி பதிப்பித்தவர்களுக்கு இது தெரிந்த கதை. ஒரு பழைய அரபுத்தமிழ்க் கிதாபு பத்துப் பேர் கையில் பத்துப் பிரதியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பத்துப் பிரதியிலும் சரியாக உள்ள வரிகள் எதையும் சொல்லாது. அவை மூலத்திலிருந்தே வந்தவை. ஆனால் மூன்று பிரதிகளில் மட்டும் ஒரே இடத்தில் ஒரே சொல் விடுபட்டிருந்தால், அந்த மூன்றுக்கும் முன்னாலே அச்சொல்லை விட்டுவிட்ட ஒரு தாய்ப்பிரதி இருந்திருக்க வேண்டும். உறவைக் காட்டுவது கூட்டாகப் பெற்ற பிழைதான். தாவரத்திலும் அப்படியே. எல்லா ஈரற்பாசிக்கும் பொதுவான எழுத்தை ஆய்வாளர்கள் கணக்கில் எடுப்பதில்லை. சிலவற்றுக்கு மட்டும் பொதுவாகப் புதிதாய் ஏற்பட்ட மாற்றமே அவர்களுக்கு வேண்டியது. எது பழையது, எது புதியது என்று அறியத் தூரத்து உறவான ஒரு தாவரத்தின் பிரதியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. ஓலைச்சுவடியில் ரகரமும் காலும் ஒரே வடிவம், மெய்க்குப் புள்ளியும் கிடையாது. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே மாதிரிப் பிழைவிட்டிருக்கலாம். அதை உறவென்று நம்பினால் கதை கெட்டுவிடும். டீ.என்.ஏ.யிலும் இருப்பது நாலே எழுத்து என்பதால் இத்தகைய தற்செயல் ஒற்றுமை நிறைய ஏற்படும். அதனால்தான் ஓர் எழுத்தையோ பத்து எழுத்தையோ பார்த்து முடிவு சொல்வதில்லை. ஆயிரக்கணக்கான எழுத்துக்களை வரிசையாய் அடுக்கி, எந்த உறவுமரம் மிகப் பொருந்துகிறது என்று கணினியில் சோதிக்கிறார்கள்.

எந்தப் பகுதியை வாசிப்பது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஈரற்பாசி ஆய்வில் அதிகம் பயன்பட்டவை பச்சையவுருமணிக்குள் இருக்கும் டீ.என்.ஏ.யின் துண்டுகள். இலையைப் பச்சையாக்கி உணவு சமைக்கும் இந்தப் பச்சையவுருமணிக்கென்று தனியான ஒரு சிறிய பிரதி உண்டு. பெரும்பாலான தாவரங்களில் அது தாயிடமிருந்து மட்டுமே வரும். கிழக்கிலங்கை வாசகர்களுக்கு விளங்கச் சொன்னால், அது குடி மாதிரி. அக்கரைப்பற்றிலோ காத்தான்குடியிலோ ஒருவருடைய குடியைக் கேட்டால் உம்மாவின் வழிதான் தெரியவரும், வாப்பாவின் வழி தெரியாது. ஆகவே பச்சையவுருமணியை மட்டும் நம்பினால் பாதிக் கதைதான். இரண்டு பக்கமும் கலந்து வரும் கருவின் டீ.என்.ஏ.யையும் வாசித்து, இரண்டும் ஒரே உறவைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். சொல்லாத சந்தர்ப்பங்களும் உண்டு. பழங்காலத்தில் இரண்டு இனங்கள் கலந்திருந்தால் தாய்வழி ஒன்றைச் சொல்லும், கரு இன்னொன்றைச் சொல்லும்.

வேலை நடக்கும் முறை பெரிய மர்மம் இல்லை. தாவரத்தின் சின்னத் துண்டை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துச் சுத்தம் செய்வார்கள். ஓரிலையில் நான்கைந்து வகைப் பாசிகள் பின்னிக்கிடக்கும், பக்கத்து வீட்டுக்காரனின் டீ.என்.ஏ.யை வாசித்துவிட்டால் எல்லாமே பிழைத்துவிடும். பிறகு அரைத்து, டீ.என்.ஏ.யைப் பிரித்து, வேண்டிய துண்டை மட்டும் பீ.சீ.ஆர். முறையால் கோடிக்கணக்கில் பெருக்கி, எழுத்தெழுத்தாய் வாசிப்பார்கள். பீ.சீ.ஆர். என்ற சொல்லை நமது சமூகம் கொரோனாக் காலத்தில், ஜனாஸாக்களை எரித்த அந்த மாதங்களில், எந்த மனநிலையில் கற்றுக்கொண்டது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அதே முறைதான் இங்கே ஒரு பாசியின் வம்சத்தைத் தேடுகிறது.

இந்த வாசிப்பு ஈரற்பாசிகளின் குடும்ப வரைபடத்தை இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் நன்றாகவே மாற்றியது. எல்லா மாற்றத்தையும் சொன்னால் பெயர்ப்பட்டியலாகிவிடும். மூன்று கதைகள் போதும்.

புளூரோசியா என்று ஒரு சாதி. ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையோரச் சதுப்புகளில் அதன் ஓரினம் செந்நீல நிறத்தில் விரல் விரலாக எழும்பி நிற்கும். நல்ல பெரிய இலைகள். யார் பார்த்தாலும் இலையுள்ள ஈரற்பாசி என்றே சொல்வார்கள், அப்படியே வைத்தும் இருந்தார்கள். டீ.என்.ஏ.யை வாசித்தபோது அது இலையுள்ளவற்றோடு சேரவில்லை. தட்டையான எளிய பிரிவிலிகளின் கிளையில் போய் நின்றது. பிறகு உருவத்துக்குத் திரும்பிப் பார்த்தால் ஒரு தடயம் அங்கேயே இருக்கிறது. இலையுள்ள ஈரற்பாசிகளின் வளர்நுனியில் உள்ள தாய்க்கலம் மூன்று பக்கமாகக் கலங்களை வெட்டித் தள்ளும், புளூரோசியாவின் நுனிக்கலம் இரண்டு பக்கமாகவே வெட்டுகிறது, அந்தப் பிரிவிலிகளைப் போல.

இதற்கு நேரெதிரானது மெட்ஸ்கேரியொப்சிஸ். ஜாவா முதலிய ஆசிய வெப்பவலயக் காடுகளில் இலைமேல் படரும் மிகச்சிறிய தாவரம். உடல் முழுக்கத் தட்டையான பிரிவிலி. இலை தெரிவது இனப்பெருக்கக் கிளைகளில் மாத்திரமே. அந்த இலைகளைப் பார்த்து, இது லெஜூனேசியே குடும்பம்தான் என்று பழைய தாவரவியலாளர்கள் சரியாகவே கண்டிருந்தார்கள். ஆனால் உடல் இவ்வளவு வேறாக இருந்ததால் குடும்பத்துக்குள்ளே தனி அறை கொடுத்து வைத்திருந்தார்கள். 2006இல் வெளியான ஆய்வு அந்த அறையைத் திறந்துவிட்டது. கொலோலெஜூனியா என்ற சாதியின் நடுவிலேதான் அது உட்கார்ந்திருக்கிறது. மற்றவை முளைத்துச் சில காலம் மட்டும் இருக்கும் குழந்தைப் பருவத் தட்டை உடலிலேயே இது வாழ்நாளைக் கழிக்கிறது. இலைமேல் வாழ்பவருக்கு நாள் குறைவு, இலை உதிர்வதற்குள் வித்தியைப் பரப்பியாக வேண்டும். வளர்ந்து முடியும்வரை காத்திருக்கவில்லை.

மூன்றாவது கதை கொஞ்சம் நீளமானது. றிச்சட் ஸ்புரூஸ் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1849 முதல் 1864 வரை அமேசன் காடுகளிலும் அந்தீஸ் மலைகளிலும் அலைந்தவர். நமக்கும் இவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. மலேரியாக் காய்ச்சலுக்குக் குயினைன் தரும் சிங்கோனாவின் விதைகளையும் நாற்றுக்களையும் 1860இல் எக்குவடோரில் சேகரித்து ஆங்கில அரசுக்கு அனுப்பியவர் அவரே. ஆசியாவில் சிங்கோனா நடும் அந்த முயற்சியின் பகுதியாகத்தான் 1861இல் நமது ஹக்கல தாவரவியற் பூங்கா தொடங்கப்பட்டது. ஆனால் ஸ்புரூஸின் உள்ளம் கிடந்ததெல்லாம் ஈரற்பாசிகளிலே. யாருக்கும் பயன்படாத செடிகளுக்குப் பின்னால் இப்படி ஒரு மனிதர் பதினைந்து வருடம் நோயோடும் பசியோடும் போயிருக்கிறார்.

1857இல் எக்குவடோரின் கிழக்கு மலைச்சரிவில் தொப்போ என்ற ஆற்றை அவர் அடைந்தபோது ஆறு பெருக்கெடுத்து ஓடியது. கடக்க வழியில்லை, மூங்கிலால் பாலம் கட்டித்தான் போகவேண்டியிருந்தது. அந்தக் கரையில் வெள்ளம் அடித்துப் போகும் இடத்துப் புதர்த் தண்டுகளில் ஓர் ஈரற்பாசியைக் கண்டார். அதுவரை யாரும் காணாத தோற்றம். கிட்டிய உறவுகள் மில்லிமீற்றர் அளவில் இருக்க இது சென்ரிமீற்றர் கணக்கில் வளர்ந்திருந்தது. வித்திப்பையைக் காக்கும் உறைகள் கொத்துக்கொத்தாய் எண்ணமுடியாமல் நிறைந்திருந்தன. ஆகவே எண்ணற்ற உறை என்று பொருள்பட மிரியோகோலியா என்று கிரேக்கத்தில் பெயர் வைத்துப் புதிய சாதியாக்கினார். அச்சாதியில் அந்த ஓரினம்தான், மிரியோகோலியா இரொராற்றா. பிற்காலத்தில் பிரேசிலில் ஆற்றோரம் வாழும் வேறொன்று கிடைத்தபோது, இதைப் போன்றது என்று பொருள்படும் மிரியோகோலியொப்சிஸ் என்ற பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

பிறகு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அதைப் பற்றித் தகவலே இல்லை. 2002இல் அதே ஆற்றில் மீண்டும் கண்டுபிடித்தார்கள். அந்த ஆற்றில் நீர்மின் திட்டம் ஒன்று வரவிருந்த வேளை அது. வெள்ளம் வந்து நனைத்துப் போகும் கரையிலே மட்டும் வாழத் தெரிந்த தாவரத்துக்கு, ஆற்றைத் திருப்புவதும் சாவதும் ஒன்றுதான். உலகில் எங்குமில்லாத ஒரு முழுச் சாதி அழியப்போகிறது என்பது அதைக் காக்க முனைந்தவர்களின் கையிலிருந்த பலமான வாதம்.

2012இல் ஜெர்மனிய ஆய்வாளர் யோகன் ஹைன்றிக்ஸும் சகாக்களும் அதன் டீ.என்.ஏ.யை வாசித்து முடிவை வெளியிட்டார்கள். ஆற்றோரத்து மிரியோகோலியொப்சிஸ் நெருங்கிய உறவில்லை. மிரியோகோலியா நின்றது கொலூரா என்ற சாதிக்கு உள்ளே. இது எவ்வளவு எதிர்பாராதது என்று விளங்க, கொலூராவைத் தெரிய வேண்டும். பல பத்து இனங்கள் கொண்ட சாதி அது. இலைகளின் மேலும் மெல்லிய சுள்ளிகளிலும் வாழும் குட்டிப் பாசிகள். இலையின் நுனி ஒரு பையாகி, அந்தப் பைக்கு உள்ளே திறக்கும் ஒரு மூடியும் இருக்கும். தண்ணீர் சேர்க்க அது என்பார்கள், நுண்ணுயிர்கள் அகப்படுவதும் உண்டு. இந்த மூடிப்பை இல்லாமல் ஒரு கொலூராவை யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். மிரியோகோலியாவிடம் அது இல்லை. சதா ஆற்றுநீர் தெறிக்கும் இடத்தில் தண்ணீர் சேமிக்கும் பை எதற்கு? வேண்டாத பையைக் கைவிட்டு, உடலைப் பெருக்கி, ஆற்றுக்கேற்ற வேறு உடுப்புப் போட்டுக்கொண்டது. பிரேசிலின் ஆற்றோரத்து ஆளும் தன் பாட்டில் அதே மாதிரி உடுப்பைத் தைத்துக்கொண்டது. நாங்கள் உடுப்பைப் பார்த்து இரண்டு பேரையும் சொந்தக்காரர் என்றோம். இதில் இன்னொன்று: மூடியுள்ள பை முன்னே சொன்ன புளூரோசியாவிடமும் உண்டு. வம்சத்தால் வெகுதூரத்தில் இருக்கும் இரண்டு கூட்டங்கள் ஒரே பொறியைத் தனித்தனியாகச் செய்திருக்கின்றன.

கொலூரா என்ற பெயர் 1835லேயே அச்சேறியது, மிரியோகோலியா 1884இல். இரண்டு பெயர்கள் ஒன்றாகும்போது பழையதே நிற்கும் என்பது தாவரப் பெயரிடல் விதி. ஆகவே ஸ்புரூஸின் தாவரம் இப்போது கொலூரா இரொராற்றா. அவர் ஆசையோடு வைத்த சாதிப்பெயர் பாவனையிலிருந்து போய்விட்டது.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி எழும்பியது. தனிச் சாதி என்ற தகுதி போன பிறகு, காப்பாற்றும் வாதம் பலவீனமாகிவிட்டதா? பல பத்தில் ஒன்றுதானே, போனால் போகட்டும் என்று ஓர் அதிகாரி சொல்லலாம் அல்லவா? இப்படிச் சொல்வது நடக்கக்கூடியதே. ஆனால் எனக்குப் படுவது மறுபக்கம். தனிச் சாதியாக இருந்தவரை அது ஒரு விசித்திரம், வம்சம் தெரியாத ஒற்றை ஆள். இப்போது அதன் கதை தெரிகிறது. இலைமேல் ஒட்டி வாழ்ந்த ஒரு குட்டிப் பாசியின் வழித்தோன்றல் வெள்ளத்துக்கு இறங்கி வந்து, குடும்பச் சொத்தான பையையே துறந்து, இவ்வளவு மாறியிருக்கிறது. ஒரு சாதிக்குள்ளே உருவம் எவ்வளவு தூரம் போகமுடியும் என்பதற்கு அந்த ஆற்றங்கரையில் உயிரோடு ஒரு சாட்சி நிற்கிறது. மூலத்திலிருந்து ஆகவும் விலகிய பிரதியைப் பதிப்பாசிரியன் எறிவதில்லை, அதைத்தான் அதிகம் புரட்டுவான். எனினும் பட்டியல் பார்த்துப் பணம் ஒதுக்கும் இடங்களில் இந்த நியாயம் எடுபடுமா என்பது வேறு விஷயம்.

பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், பிறகு எதற்குப் படிப்பது என்று உயர்தர வகுப்புப் பிள்ளைகள் அலுத்துக்கொள்வதாக எங்கள் உயிரியல் ஆசிரியர் சொல்கிறார். அலுப்பு நியாயமானதுதான். ஆனால் மாற்றம் வந்த விதத்தைக் காட்டினால் அலுப்புக் குறையும் என்பது என் எண்ணம். உருவத்தைப் பார்த்தவர்கள் மடையர்கள் என்றும், டீ.என்.ஏ.யை வாசித்தவர்கள் கெட்டிக்காரர்கள் என்றும் கதை சொல்வது பிழை. மெட்ஸ்கேரியொப்சிஸின் குடும்பத்தை உருவத்தால்தான் கண்டார்கள். டீ.என்.ஏ. மரம் கையில் வந்த பின்னும், எந்த உறுப்பு வம்சத்தால் வந்தது, எது இடத்துக்காகப் போட்ட உடுப்பு என்று பிரித்துச் சொல்ல நுணுக்குக்காட்டியிடம்தான் திரும்பிப் போகிறார்கள். காட்டில் நின்றுகொண்டு ஒரு பாசியை இன்னதென்று அறிய வேறு வழியும் இல்லை, அங்கே பீ.சீ.ஆர். பொறி கிடையாது.

ஸ்புரூஸின் பாசி மாதிரிகள் இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நூதனசாலையில் பேணப்படுகின்றன. உலர்தாவரச் சேமிப்பகங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெயர் மாறினால் சேகரித்தவர் எழுதிய பழைய சீட்டைக் கிழிப்பதில்லை. புதிய பெயரையும், தீர்மானித்தவரின் பெயரையும், வருடத்தையும் வேறொரு சீட்டில் எழுதி அதற்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பார்கள்.